லூசா கட்டுறதுதான் வலிக்குது: ரிங் ஸ்லிங் பத்தி கேட்ட அம்மாவுக்கு பதில்

கேள்வி: எனக்கு முதல் குழந்தை, பொண்ணு, 11 வாரம் ஆகுது, 5 கிலோ 200 கிராம் இருக்கா. சிசேரியன். திண்டுக்கல்ல மாமியார் வீட்ல இருக்கேன். பெங்களூர்ல இருக்கிற நாத்தனார் ஒரு காட்டன் ரிங் ஸ்லிங் (குழந்தைய உடம்போட சேத்து கட்டிக்கிற, ரெண்டு ரிங் வச்ச நீளத் துணி) வாங்கி அனுப்பினாங்க. வீடியோ பாத்து பாத்து கட்டுறேன், ரெண்டு நிமிஷத்துல அழ ஆரம்பிச்சிடுறா, எனக்கு வலது தோள், கழுத்து, இடுப்பு எல்லாம் வலிக்குது. ஏற்கனவே வலது கை கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி வேற. அத்தை கால் வளைஞ்சிடும்ங்கறாங்க, தூக்கித் தூக்கியே பழக்கிடாதேங்கறாங்க. இதை விட்டுட்டு பெல்ட் வச்ச கேரியர் வாங்கிடலாமா? அடுத்த மாசம் குலதெய்வம் கோயிலுக்கு பஸ்ல போறோம், அதுக்குள்ள கத்துக்க முடியுமா?

பதில்: கத்துக்கலாம்மா, ஒரு மாசம் தாராளமா போதும். புதுசா எதுவும் இப்ப வாங்காதீங்க. நான் பிரசவம் ஆன அம்மாக்களோட முதுகு, இடுப்பு, கை வலியப் பாக்குற பிசியோதெரபிஸ்ட், ஸ்லிங் கட்ட சொல்லிக் குடுக்கறதும் என் வேலையில ஒரு பகுதி. உங்க லெட்டர்ல குழந்தை அழுறது, உங்க கழுத்து, உங்க இடுப்புன்னு மூணையும் தனித்தனி பிரச்சனையா எழுதியிருக்கீங்க, நான் பாத்த வரைக்கும் இந்த மூணும் சேர்ந்து வந்தா பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான், துணி லூசா இருக்கு, குழந்தை கீழ தொங்குறா.

ஏன் லூசா கட்டுறோம்னா பயம். பச்சக் குழந்தைய இறுக்கிக் கட்டினா மூச்சு முட்டிடுமோ, நெஞ்சு அமுங்கிடுமோன்னு கை தானா தளர்த்திடும். எல்லா அம்மாவுக்கும் வர்ற பயம்தான், ஆனா உள்ள நடக்கிறது அதுக்கு நேர் எதிர். துணி தளர்வா இருந்தா குழந்தையோட முதுகுக்கு பிடிப்பு இல்ல, அப்படியே கூன் விழுந்து கீழ சரிவா, தலை முன்னாடி விழும், தாடை போய் நெஞ்சுல முட்டும், அப்பதான் மூச்சுக்குழாய் ஒடுங்குது. அதே நேரம் அவ எடை உங்க உடம்ப விட்டு முன்னாடி தள்ளிப் போயிடுது, அதை பேலன்ஸ் பண்ண நீங்க உங்களுக்கே தெரியாம பின்பக்கமா சாஞ்சு நிப்பீங்க, இடுப்பு வலி அங்கதான் ஆரம்பம். அஞ்சு கிலோ உடம்போட ஒட்டி இருந்தா ஒரு மாதிரி, நாலு விரக்கடை தள்ளி தொங்கினா வேற மாதிரி, முதுகுத் தசைக்கு அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். தளர்ந்த துணி தோள்ல சுருண்டு கயிறா ஆகி கழுத்தோரமா ஏறும், கழுத்து வலி அதனால. குழந்தைக்கோ அடில உக்கார ஒரு இடம் இல்லாம நழுவிக்கிட்டே இருக்கிற உணர்வு, அவ அழாம என்ன பண்ணுவா.

கிளினிக்ல ஒரு அம்மா இப்படித்தான் கட்டிட்டு வந்தாங்க, ரெண்டு கையும் குழந்தைக்கு அடில, ஸ்லிங் போட்டும் கை ஃப்ரீ ஆகலன்னு அழுகாத குறையா சொன்னாங்க. நான் வேற எதையும் தொடல, குழந்தையோட பிடரி பக்கம் போற மேல் விளிம்பை மட்டும் ரிங் வழியா ஒரு நாலு விரல் அளவு இழுத்தேன், தலை நேரா அம்மா நெஞ்சுல வந்து சாஞ்சுது, அந்த அம்மாவோட குதிகால்ல இருந்த எடை முன்னாடி வந்து முதுகு தானா நிமிர்ந்துச்சு. நிமிரு நிமிருன்னு நான் சொல்லவே இல்ல. துணி சரியா இருந்தா உடம்பு தானா சரியா நிக்கும்.

பயப்பட வேண்டியது எதுக்குன்னு தெளிவா சொல்லிடறேன், ஏன்னா இதை மறைச்சு வச்சு சொல்லிக் குடுக்க எனக்கு மனசு வராது. 2010 மார்ச்ல அமெரிக்காவோட நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஸ்லிங் பத்தி ஒரு எச்சரிக்கை விட்டாங்க, முக்கியமா 4 மாசத்துக்கு உட்பட்ட குழந்தைகள், குறைமாசக் குழந்தைகள், எடை கம்மியான குழந்தைகள் விஷயத்துல. ஆபத்து ரெண்டு விதம், ஒண்ணு துணியோ அம்மா உடம்போ மூக்கையும் வாயையும் அழுத்திடறது, இன்னொண்ணு மேல சொன்ன மாதிரி தாடை நெஞ்சுல மடங்கிடறது. ரெண்டுலயும் குழந்தை சத்தம் போட முடியாது, முதல் விதத்துல ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலயே விபரீதம் ஆயிடலாம், ரெண்டாவதுல மெது மெதுவா மூச்சு குறைஞ்சுக்கிட்டே போகும். குழந்தைய பை மாதிரி உள்ள படுக்க வைக்கிற ஸ்லிங்ஸ்தான் அப்ப அதிகம் பேசப்பட்டது. அதனால உங்க பொண்ணை குறுக்கால படுக்க வச்சு கட்டவே வேண்டாம். நெட்ல தொட்டில் மாதிரி படுத்துக்கிட்டு இருக்கிற போட்டோ அழகா இருக்கும், பாத்துட்டு விட்டுடுங்க. நிமிர்ந்து, வயிறும் வயிறும் ஒட்டி, முகம் ஒரு பக்கமா திரும்பி, நீங்க குனிஞ்சா உச்சந்தலைல முத்தம் குடுக்கிற உயரத்துல, எந்த நேரமும் முகம் உங்க கண்ணுக்குத் தெரியணும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல உங்க ரெண்டு விரல் போகணும். சளி பிடிச்சு மூக்கு அடைச்சிருந்தா அன்னைக்கு ஸ்லிங்கே வேண்டாம்.

இப்ப கட்டுறது. முதல் ரெண்டு மூணு நாள் குழந்தை வேண்டாம், ஒரு பொம்மையோ இல்ல துண்டுல சுத்தின அரிசிப் பையோ வச்சு கண்ணாடி முன்னாடி கட்டிப் பழகுங்க. கைக்கு இழுக்கிற திசை தெரியணும், அது வீடியோ பாத்தா வராது. முதல்ல ரிங் ரெண்டையும் நல்லா பாருங்க, ஒட்டு போட்ட தடம், வெடிப்பு எதுவும் இருக்கக் கூடாது, ரிங்கை துணியோட சேர்த்து தச்ச இடத்துல நூல் பிரிஞ்சிருக்கக் கூடாது. துணிய ரிங்ல கோக்கும்போது சேலைக்கு கொசுவம் வைக்கிற மாதிரி மடிப்பு மடிப்பா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பரப்பி கோத்துடுங்க, ரெண்டு ரிங் வழியாவும் விட்டு ஒரு ரிங் மேல மடக்கி இன்னொண்ணு வழியா திருப்பி எடுக்கணும், அவ்வளவுதான். துணி ரிங்ல முறுக்கிக்கிட்டு இருந்தா நீங்க எவ்வளவு இழுத்தாலும் டைட் ஆகாது, நிறைய பேருக்கு இங்கதான் மாட்டிக்குது.

ரிங்கை வலது தோள்ல போட்டுக்கிட்டிருக்கீங்கன்னு நினைக்கிறேன், இடது தோளுக்கு மாத்துங்க. அப்பதான் தொங்குற வால் துணிய இடது கையால இழுக்கலாம், வலிக்கிற வலது மணிக்கட்டுக்கு வேலை இல்ல, வலது முன்னங்கையால குழந்தையோட பிட்டத்தை தாங்கிக்கிட்டா போதும். ஆரம்பிக்கும்போது ரிங் தோளுக்கு கொஞ்சம் மேலயே இருக்கட்டும், இழுக்க இழுக்க கீழ எறங்கி காறை எலும்புக்கு கீழ வந்து நிக்கும். தோள்ல துணிய கழுத்தோரமா குவிக்காம தோள்பட்டை முனை வரைக்கும் விரிச்சு விடுங்க, முதுகுப்புறமும் சுருட்டி விடாம அகலமா விரிச்சு விடுங்க. குழந்தைய உள்ள வைக்கிறதுக்கு முன்னாடியே தொய்வை எல்லாம் எடுத்து, அவ போக மட்டும் இடம் இருக்கிற மாதிரி இறுக்கிடணும், பெரிய பை மாதிரி விட்டுட்டு அவளை வச்சப்புறம் இழுக்கலாம்னா அஞ்சு கிலோ எடைய ரிங் வழியா தூக்குறது நடக்கவே நடக்காது.

ஏப்பம் விட வைக்க தோள்ல சாச்சுப்பீங்க இல்ல, அதே மாதிரி ரிங் இல்லாத வலது தோள்ல போட்டுக்கிட்டு, கீழ இருந்து கைய விட்டு அவ ரெண்டு பாதத்தையும் வெளிய எடுத்து மெதுவா துணிக்குள்ள எறக்குங்க. துணியோட கீழ் விளிம்பு ஒரு முழங்கால் மடிப்புல இருந்து இன்னொரு முழங்கால் மடிப்பு வரைக்கும் போகணும், பிட்டத்துக்கு கீழ போற துணிய அவளுக்கும் உங்களுக்கும் நடுவுல அவ தொப்புள் உயரம் வரைக்கும் நல்லா மேல தள்ளி விடுங்க, இதுதான் சீட்டு. இது ஆழமா இல்லேன்னா அவ கால உதைச்சு நிமிரும்போது துணி முதுகுப்பக்கம் ஏறிடும், சீட்டு காணாம போயிடும், கீழ நழுவவும் வாய்ப்பு இருக்கு. முழங்கால் பிட்டத்தை விட உயரமா, ஒரு தவளை உக்காந்த வாக்குல இருக்கணும். மேல் விளிம்பு பிடரி வரைக்கும், தலைய மூடக் கூடாது.

அப்புறம்தான் இழுக்கிறது. மொத்த துணியையும் கொத்தா பிடிச்சு இழுக்காதீங்க. மேல் விளிம்பு தனி, நடுத் துணி தனி, கீழ் விளிம்பு தனி, ஒவ்வொண்ணா. வலது கையால அவளை ஒரு இம்மி மேல தூக்கி எடைய எடுத்துட்டு இடது கையால அந்தப் பட்டையை இழுங்க, எடை இருக்கும்போது இழுத்தா வராது. முடிஞ்சப்புறம் அவ முதுகுல உள்ளங்கைய வச்சு லேசா அழுத்திப் பாருங்க, இன்னும் உங்க பக்கம் நெருங்கி வந்தான்னா அந்த அளவு தொய்வு பாக்கி இருக்குன்னு அர்த்தம். ஒரு கை அவ முதுகுலயே இருக்க கொஞ்சம் முன்னாடி குனிஞ்சு பாருங்க, உங்க நெஞ்ச விட்டு பிரியக் கூடாது. எவ்வளவு டைட்னு கேட்டீங்கன்னா, நீங்க கையால அணைச்சு வச்சிருந்தா எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு. முதல் தடவை குழந்தைய வச்சு கட்டும்போது கட்டில் பக்கத்துல நின்னு கட்டுங்க, உங்க அத்தையை கூட நிக்கச் சொல்லுங்க.

அழுகைக்கு வர்றேன். பசியோட, தூக்கக் கலக்கத்தோட, ஏற்கனவே அழுதுக்கிட்டு இருக்கும்போது பழகாதீங்க. பால் குடிச்சு ஏப்பம் விட்டு ஒரு இருபது நிமிஷம் கழிச்சு நல்ல மூடுல சிரிச்சுக்கிட்டு இருப்பா பாருங்க, அந்த நேரம். கட்டி முடிச்ச கையோட நடக்க ஆரம்பிச்சிடுங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டே நின்ன இடத்துல நின்னா அழுவா. ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2013ல பாத்தது, அம்மா தூக்கிட்டு உக்காந்திருக்கறத விட தூக்கிட்டு நடக்கும்போது குழந்தையோட இதயத்துடிப்பு உடனே குறைஞ்சு அழுகை அடங்குது. அதே குழு 2022ல இன்னொண்ணு சொன்னாங்க, அஞ்சு நிமிஷம் நடந்து தூங்க வச்சுட்டு உடனே படுக்கையில போடாம இன்னும் அஞ்சுல இருந்து எட்டு நிமிஷம் மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்துட்டு அப்புறம் படுக்க வச்சா முழிச்சுக்கறது கம்மி. வீட்ல செஞ்சு பாருங்க. முதல் வாரம் ஒரு தடவைக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் போதும், நாளைக்கு ரெண்டு தடவை.

மணிக்கட்டு வலிய சாதாரணமா விட்டுடாதீங்கம்மா. கட்டைவிரலை உள்ள வச்சு கைய மூடி, சுண்டுவிரல் பக்கமா மெதுவா சாச்சுப் பாருங்க, கட்டைவிரல் அடில இருந்து சுருக்குன்னு இழுத்தா டி குவெர்வெய்ன் அப்படிங்கற தசைநாண் பிரச்சனையா இருக்க வாய்ப்பு அதிகம், கைக்குழந்தை வச்சிருக்கிற அம்மாக்களுக்கு ரொம்ப சகஜமா வர்றது. காரணம் தூக்குற விதம். குழந்தையோட ரெண்டு அக்குள்லயும் கட்டைவிரலை விரிச்சு குடுத்து தூக்குறோம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை. அதை விட்டுட்டு ஒரு உள்ளங்கை பிட்டத்துக்கு அடில, இன்னொண்ணு தலைக்கும் முதுகுக்கும் அடில, கட்டைவிரல் மத்த விரலோட ஒட்டியே இருக்க, அள்ளி எடுங்க. பால் குடுக்கும்போது மணிக்கட்டை மடக்கி தலைய தாங்காம தலையணை வச்சுக்கோங்க. ரெண்டு மூணு வாரத்துல கொறையலன்னா நேர்ல ஒரு பிசியோதெரபிஸ்ட்டையோ எலும்பு டாக்டரையோ பாருங்க, கட்டைவிரலோட சேர்த்து மணிக்கட்டு அசையாம போடற பட்டை (ஸ்பிளின்ட்) நல்லா உதவும், பால் குடுக்கிற அம்மான்னு சொல்லிட்டு மாத்திரை வாங்குங்க. ஸ்லிங் சரியா கட்ட வந்துட்டா இந்தக் கைக்கு நிறைய ஓய்வு கிடைக்கும், அதுக்காகவே நீங்க இதை விடக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

தையல் விஷயம், 11 வாரத்துல பெரும்பாலும் ஆறியிருக்கும், ரிங் ஸ்லிங்ல வயித்துல அழுத்துற பெல்ட்டும் இல்ல. இருந்தாலும் தழும்புகிட்ட இழுக்கிற மாதிரி வலி, கசிவு, இல்ல கட்டிக்கிட்டு நடந்தப்புறம் கீழ பாரமா எறங்குற மாதிரி, இருமினா யூரின் போற மாதிரி இருந்தா நேரத்தை குறைச்சிட்டு உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க.

அத்தை சொல்றதை நான் தள்ளிவிட மாட்டேன், புள்ளை வளத்தவங்க, அவங்க கவலை குழந்தை மேல. ஆனா கால் விஷயத்துல உண்மை இது. கர்ப்பத்துல மடங்கியே இருந்ததால எல்லா குழந்தைக்கும் பிறக்கும்போது கால் கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கும், நடக்க ஆரம்பிச்சு ரெண்டு வயசு வாக்குல தானா நேராகும், ஸ்லிங்ல உக்கார வச்சதால யாருக்கும் கால் வளையாது. இடுப்பு மூட்டுக்கு முழங்கால் உயர்ந்து தொடை விரிஞ்ச இந்த நிலைதான் நல்லது, தொடை எலும்போட உருண்டை கிண்ணத்துக்குள்ள சரியா உக்காரும். கெடுதல் எதுன்னா கால ரெண்டையும் நீட்டி சேர்த்து இறுக்கி துணியில சுத்துறது. ஜப்பான்ல 1975ல இருந்து அப்படி சுத்தாதீங்கன்னு நாடு முழுக்க பிரச்சாரம் பண்ணப்புறம் இடுப்பு மூட்டு விலகுற குழந்தைங்க எண்ணிக்கை நல்லா குறைஞ்சுது. குளிப்பாட்டும்போது கால நீவி நேராக்குறேன்னு இழுக்கறதையும் விட்டுடச் சொல்லுங்க. உங்க பொண்ணு வயித்துல கால் கீழ் பக்கமா இருந்து பிறந்தவளா இருந்தாலோ, குடும்பத்துல யாருக்காவது பிறவிலயே இடுப்பு மூட்டு பிரச்சனை இருந்திருந்தாலோ குழந்தை டாக்டர்கிட்ட சொல்லி இடுப்புக்கு ஒரு ஸ்கேன் பாத்துடுங்க, அது தனி விஷயம்.

தூக்கித் தூக்கி பழக்கிடறதுன்னு எதுவும் இந்த மூணு மாசத்துல இல்ல. 1986ல மான்ட்ரியல்ல ஒரு ஆய்வுல, அழாதப்பவும் சேர்த்து கூடுதலா தூக்கி வச்சிருந்த குழந்தைங்க ஆறாவது வாரத்துல மத்த குழந்தைங்களை விட 43 சதவீதம் கம்மியா அழுதாங்க. பின்னாடி வந்த ஆய்வுகள்ல அதே அளவு பலன் வரல, அதனால ஸ்லிங் போட்டா அழுகையே நின்னுடும்னு நான் உங்களுக்கு வாக்கு தர மாட்டேன், ஆனா தூக்குறதால அதிகமா அழுவாங்கன்னு காட்ட எதுவும் இல்ல. அத்தைகிட்ட இதையும் சொல்லலாம், எடை கம்மியா பிறக்கிற குழந்தைய அம்மா நெஞ்சோட ஒட்டி வச்சு கட்டுற கங்காரு முறை கொலம்பியாவுல பொகோட்டா நகர ஆஸ்பத்திரில 1978ல டாக்டர் எட்கர் ரே ஆரம்பிச்சது, நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரிகள்லயும் செய்றாங்க, உலக சுகாதார நிறுவனம் 2022ல அதை ஒரு நாளைக்கு 8ல இருந்து 24 மணி நேரம் வரைக்கும் பண்ணச் சொல்லியிருக்கு. அது டாக்டர், நர்ஸ் கண்காணிப்புல நடக்கிறது, வீட்டு ஸ்லிங் வேற. ஆனா நெஞ்சோட அணைச்சு வச்சா குழந்தை கெட்டுப்போகும்ங்கற பயத்துக்கு அதுலயே பதில் இருக்கு.

பெல்ட் வச்ச பக்கிள் கேரியர் பின்னாடி கண்டிப்பா உபயோகப்படும், ரெண்டு தோள்லயும் இடுப்புலயும் எடை பிரியறதால ஏழெட்டு கிலோ தாண்டினப்புறம், மணிக்கணக்கா தூக்கணும்னா அதுதான் வசதி, உங்க வீட்டுக்காரரும் போட்டுக்கலாம். வாங்கும்போது சீட்டோட அகலம் முழங்கால்ல இருந்து முழங்கால் வரைக்கும் வருதான்னு பாருங்க, நடுவுல ஒல்லிப் பட்டையா இருந்து கால் ரெண்டும் தொங்குறத வாங்காதீங்க. குழந்தை முகம் ரோட்டைப் பாக்குற மாதிரி வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறது கழுத்து நல்லா நின்னு அஞ்சாறு மாசம் ஆகட்டும், அதுவும் கொஞ்ச நேரம். முதுகுல கட்டுறது தானா உக்காரப் பழகினப்புறம். ஜெர்சி துணில வர்ற, உடம்ப சுத்திக் கட்டுற நீள ராப் சின்னக் குழந்தைக்கு ரொம்ப மெத்துனு இருக்கும், ஆனா நம்ம வெயிலுக்கு மூணு அடுக்கு துணின்னா வேகும், எடை ஏறினா தொய்யும், உங்களுக்கு இப்ப அது வேண்டாம். பழைய காட்டன் சேலையில கட்டிக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, தூளி கட்டுற நைஞ்ச சேலைய உடம்புல கட்டி நடக்காதீங்க, கிழிஞ்சிருக்கிறது முடிச்சு போட்ட இடத்துலதான் முதல்ல விடும்.

கோயில் பயணம். அப்பவும் அவளுக்கு நாலு மாசம் முழுசா ஆகியிருக்காது, அதனால மேல சொன்ன கவனம் அப்படியே இருக்கணும். பஸ்ல ஸ்லிங் சீட் பெல்ட் ஆகாது, டிரைவர் பிரேக் அடிச்சா உங்க கைதான் பிடிப்பு, முன் சீட்டு கம்பிக்கு நேரா உக்காராம ஜன்னலோரமா உள்ள தள்ளி உக்காந்து ஒரு கைய அவ பிடரியில வச்சுக்கோங்க. தூக்கம் வந்தா அவளை வெளிய எடுத்து வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டு தூங்குங்க, ஸ்லிங்ல வச்சுக்கிட்டு கண்ணசரவே கூடாது. ஸ்லிங்லயே பால் குடுக்கணும்னா ரிங்கை தளர்த்தி அவளை கீழ எறக்கி குடுங்க, முடிஞ்சதும் மறுபடி பழைய உயரத்துக்கு ஏத்தி இறுக்கிடணும், இதை மறக்கிறவங்கதான் அதிகம். வெயில் பட்டா முந்தானைய முகத்து மேல போட்டு மூடாதீங்க, குடை பிடிங்க. உள்ள ஒரு மெல்லிய கையில்லாத பனியன் போதும், ஸ்லிங்கே ஒரு சட்டை கணக்கு, பிடரியில கை வச்சுப் பாத்து வேர்வையா சுடுதுன்னா எடுத்து விசிறுங்க, நீங்களும் தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க. பஸ் ஸ்டாண்டுல இருந்து கோயிலுக்கு யாராவது பைக்ல கூட்டிப்போறேன்னு சொன்னா, அவளை ஸ்லிங்ல கட்டிக்கிட்டு பின்னாடி உக்காராதீங்க, ஆட்டோ வச்சுக்கோங்க. குனிஞ்சு விழுந்து கும்பிட வேண்டாம், முழங்கால மடக்கி உக்காந்து கும்பிடுங்க, ஒரு கை அவ முதுகுல. பொங்கல் வைக்கும்போது அடுப்புகிட்ட நீங்க நிக்கிறதா இருந்தா, ஸ்லிங்கை கழட்டி பொண்ணை அத்தை கையில குடுத்துட்டுப் போங்க.